காணா வாயுவைக் காட்டும் ஒளி

நுழையும்முன்

காற்றில் கலந்திருக்கும் வாயுக்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை; பலவற்றுக்கு மணமும் இல்லை. உயிரைக் காக்கும் வாயுவும் உயிரைப் பறிக்கும் வாயுவும் ஒரே தோற்றமின்மையோடு நம்மைச் சூழ்ந்துள்ளன. காண இயலாத ஒன்றை அளப்பது எவ்வாறு? சுரங்கத்துப் பறவையில் தொடங்கிச் செவ்வாய்க் கோளில் ஊர்ந்து செல்லும் ஊர்தி வரை நீளும் அத்தேடலையும், அதில் லேசர் ஒளி பெற்ற இடத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

சமையலறையில் எழும் வாடை

எரிவாயு அடுப்பின் திருகு சரியாக மூடப்படாத வீட்டில் அழுகிய வெங்காயத்தை ஒத்த வாடை எழுகிறது. உடனே கதவுகளும் சன்னல்களும் திறக்கப்படுகின்றன. விளக்கின் சுவிட்சைத் தொடாதே என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிக்கின்றனர். ஒரு வாடை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றி விடுகிறது.

ஆயினும் அந்த வாடை சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக உரியதன்று. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த அவ்வாயுவுக்கு நிறம் இல்லை; உணரத்தக்க மணமும் இல்லை. கசிவை மனிதர் அறிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மம் மிகச் சிறிதளவு அதனுடன் கலக்கப்படுகிறது. இயற்கை தராத எச்சரிக்கையை மனிதர் தாமே சேர்த்துக்கொண்டனர் எனலாம்.

மூக்கு நல்லதொரு காவலன். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஒரே வாடையைத் தொடர்ந்து நுகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. உறங்குபவரின் மூக்கு விழித்திருப்பதில்லை. வாடை உண்டா இல்லையா என்று மூக்கு சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுவிடம் அது முற்றிலும் தோற்றுவிடுகிறது. இத்தோல்வியை முதலில் உணர்ந்து துன்புற்றவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள்.

சுரங்கத்துக்குள் சென்ற பறவை

நிலக்கரிப் படுகைகளில் மீத்தேன் வாயு அடைபட்டுக் கிடக்கும். காற்றில் அதன் அளவு நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை இருக்கும்போது சிறு பொறி பட்டாலும் வெடித்துவிடும். 1815ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை அமைந்த காப்பு விளக்கை உருவாக்கினார். மீத்தேன் கலந்த காற்றில் அவ்விளக்கின் சுடர்மேல் நீல நிறத் தொப்பி போன்றதோர் ஒளி தோன்றும். அத்தொப்பியின் உயரத்தைக் கண்டு தொழிலாளர்கள் வாயுவின் அளவை மதிப்பிட்டனர்.

வெடிப்புக்குப் பின்னர்ச் சுரங்கத்தில் தேங்கும் கார்பன் மோனாக்சைடு இன்னும் கொடியது. அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் இணைந்து, ஆக்சிஜன் செல்லும் வழியை அடைத்துவிடுகிறது. மனிதரைவிட விரைவாக மூச்சுவிடும் சிற்றுயிர்கள் அந்நஞ்சுக்கு முன்னதாகவே இரையாகும் என்பதை உணர்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர், அவற்றைச் சுரங்கத்துக்குள் கொண்டு செல்லலாம் என 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரிந்துரைத்தார். கூண்டில் அடைபட்ட கேனரிக் குருவி தொழிலாளரோடு கீழே இறங்கியது. குருவி தள்ளாடினால் மனிதர் வெளியேறினர். பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் 1986ஆம் ஆண்டு கைவிடப்படும் வரை நீடித்தது.

நீலச் சுடரும் மஞ்சள் குருவியும் பல உயிர்களைக் காத்தன. எனினும் இரண்டும் ஆபத்து நெருங்கிய பின்னரே பேசின. ஒரு வாயு மிகச் சிறிதாக இருக்கும்போதே அதனை அடையாளம் காணவும், எண்ணால் அளக்கவும் வேறொரு வழி தேவைப்பட்டது. அவ்வழியை ஒளி திறந்தது.

ஒளியில் பதியும் கைரேகை

1850களில் இருவர் தனித்தனியே இதற்கு அடித்தளமிட்டனர். 1856ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் என்னும் அம்மையார், கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கார்பன் டைஆக்சைடு நிரம்பிய உருளை மற்றவற்றினும் மிகுதியாகச் சூடேறியதைக் கண்டார். 1859ஆம் ஆண்டில் இலண்டனில் ஜான் டிண்டால், நீண்டதொரு குழாயில் வாயுவை நிரப்பி அதன் வழியே வெப்பக் கதிரைச் செலுத்தினார். நைட்ரஜனும் ஆக்சிஜனும் அக்கதிரை ஏறத்தாழத் தடையின்றி விட்டுவிட்டன. நீராவியும் கார்பன் டைஆக்சைடும் அதனை விழுங்கின. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் வாயுக்கள் அகச்சிவப்புக் கதிருக்கு வெவ்வேறாகத் தோன்றுகின்றன என்பது தெளிவாயிற்று.

இதற்குக் காரணம் மூலக்கூறின் அமைப்பாகும். மீத்தேன் மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் பிணைந்துள்ளன. அப்பிணைப்புகள் சுருள்வில் போல ஓயாது அதிர்கின்றன. அவ்வதிர்வுக்குப் பொருந்தும் அலைநீளமுடைய ஒளி வந்தால் மூலக்கூறு அதனை உட்கவர்கிறது. பொருந்தாத ஒளி அதைக் கடந்து சென்றுவிடுகிறது. மீத்தேன் 3.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்திலும், கார்பன் டைஆக்சைடு 4.3 மைக்ரோமீட்டரிலும், கார்பன் மோனாக்சைடு 4.6 மைக்ரோமீட்டரிலும் ஒளியை வலுவாக உட்கவர்கின்றன. ஒவ்வொரு பட்டையையும் கூர்ந்து நோக்கினால் அது நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளாகப் பிரிகிறது. ஒரு வாயுவின் கோடுகள் அமைந்த வரிசை வேறெந்த வாயுவுக்கும் வாய்ப்பதில்லை. எனவே அதனை அவ்வாயுவின் கைரேகை எனலாம்.

கைரேகை, வாயு இன்னது என்று சொல்லும். அது எவ்வளவு உள்ளது என்பதை ஒளியின் மங்கல் சொல்லும். வாயு மிகுந்தால் ஒளி மிகுதியாக மங்கும். ஒளி கடக்கும் தொலைவு நீண்டாலும் மிகுதியாக மங்கும். புகேர், லாம்பர்ட், பீர் ஆகிய மூவரும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் படிப்படியாக வகுத்த இவ்விதியே ஒளியால் வாயுவை அளக்கும் கருவிகளுக்கெல்லாம் அடிப்படை. அதன்பின் இத்துறையில் நிகழ்ந்த முன்னேற்றங்களைப் பொருத்தமான ஒளியைப் பெறுதல், ஒளியின் வழியை நீட்டுதல், மிகச் சிறிய மாற்றத்தையும் தவறாது உணர்தல் என மூன்றாக வகுத்துக் காணலாம்.

இசைவிக்கத்தக்க ஒளி

விளக்கின் ஒளியில் பல அலைநீளங்கள் கலந்துள்ளன. ஊசிமுனை போன்ற மெல்லிய கோட்டை அத்தகைய ஒளியால் அளக்க முயல்வது, தடித்த தூரிகையால் நுண்ணெழுத்தை எழுத முயல்வதை ஒக்கும். சீரொளி எனத் தமிழில் வழங்கும் லேசர் இக்குறையைப் போக்கியது. 1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். இரண்டே ஆண்டுகளில் குறைகடத்தி லேசர் பிறந்தது. அதனூடே செல்லும் மின்னோட்டத்தைச் சிறிது மாற்றினால் அதன் அலைநீளமும் சிறிது மாறும். வானொலியின் குமிழைத் திருகி நிலையத்தைப் பிடிப்பதுபோல, வாயுவின் கோட்டுக்கு நேராக லேசரைக் கொண்டுவந்து நிறுத்த இயன்றது. கோட்டின்மேல் ஒளி மங்கும்; கோட்டைவிட்டு விலகினால் மங்காது. இவ்விரண்டின் வேறுபாடே வாயுவின் அளவைத் தருகிறது. தூசியோ பனிமூட்டமோ இரு நிலைகளிலும் ஒளியை ஒன்றுபோல் மறைப்பதால், அவற்றின் தாக்கத்தைக் கழித்துவிட முடிகிறது.

ஆனால் வாயுக்கள் ஒளியை வலுவாக உட்கவரும் நடு அகச்சிவப்புப் பகுதிக்கு நெடுங்காலம் நல்ல லேசர் கிடைக்கவில்லை. ஈய உப்புகளால் ஆன லேசர்கள் இருந்தன. அவற்றைக் கடுங்குளிரில் வைத்தே இயக்க வேண்டியிருந்தது. எனவே அவை ஆய்வகத்தைவிட்டு எளிதில் வெளியேறவில்லை. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜெரோம் ஃபைஸ்ட், ஃபெடரிகோ கபாசோ உள்ளிட்ட குழுவினர் குவாண்டம் அருவி லேசரை உருவாக்கினர். சில நானோமீட்டர் தடிமனுள்ள படலங்களை நூற்றுக்கணக்கில் அடுக்கி இது அமைக்கப்படுகிறது. பாறைப் படிகளில் தவழ்ந்திறங்கும் அருவிபோல எலக்ட்ரான் படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் ஓர் ஒளித்துகளை வெளியிடுகிறது. பொருளை மாற்றாமல் படலத்தின் தடிமனை மாற்றியே வேண்டிய அலைநீளத்தைப் பெறலாம் என்பது இதன் தனிச்சிறப்பாகும். 2002ஆம் ஆண்டில் இவ்வகை லேசர் அறை வெப்பநிலையிலேயே இடைவிடாது இயங்கத் தொடங்கியது. குளிர்விக்கும் பெருங்கலன்கள் தேவையற்றுப் போயின. கருவி கைப்பெட்டிக்குள் அடங்கியது.

ஐந்து கிலோமீட்டரை அரை மீட்டருக்குள் அடக்குதல்

நூறு கோடி மூலக்கூறுகளுள் ஒரே ஒரு மூலக்கூறை அளக்க வேண்டும் எனக் கொள்வோம். காலத்தால் இதனைச் சொல்வதாயின், ஏறத்தாழ 32 ஆண்டுகளுள் ஒரு நொடியைத் தேடுவதற்கு ஒப்பாகும். அத்தகைய சிறிதளவு வாயு ஒளியைக் கண்டறிய முடியாத அளவுக்கே மங்கச் செய்யும். ஒளி கடக்கும் வழியைப் பல கிலோமீட்டர் நீட்டினால் மங்கல் மிகும். ஆனால் அத்துணை நீளமான குழாயை எங்கே அமைப்பது?

கண்ணாடிகள் இதற்கு விடை தந்தன. குழியாடிகளை எதிரெதிரே வைத்து, ஒளியைப் பன்முறை எதிரொளிக்கச் செய்யும் கலனை 1942ஆம் ஆண்டில் ஜான் ஒயிட் என்பவரும், வேறொரு வடிவில் 1960களில் டொனால்ட் ஹெரியட் என்பவரும் அமைத்தனர். 1988ஆம் ஆண்டில் ஒகீஃப், டீக்கன் ஆகிய இருவரும் இதனை மேலும் ஒரு படி உயர்த்தினர். மேலே விழும் ஒளியில் 99.99 விழுக்காட்டை எதிரொளிக்கும் ஆடிகளை அரை மீட்டர் இடைவெளியில் வைத்தால், உள்ளே புகுந்த ஒளி சராசரியாகப் பத்தாயிரம் முறை அங்குமிங்கும் சென்று வருகிறது. அஃதாவது, அரை மீட்டர்க் கலனுக்குள் ஐந்து கிலோமீட்டர் வழி அடங்குகிறது.

இக்கருவி ஒளியின் பொலிவை அளப்பதில்லை. அது அணைந்துபோகும் காலத்தை அளக்கிறது. கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டால் அதன் ரீங்காரம் மெல்ல மெல்ல அடங்கும். யாரேனும் மணியின் விளிம்பில் விரலை வைத்தால் விரைந்து அடங்கும். அதுபோல, வெற்றுக் கலனில் ஏறத்தாழ 17 மைக்ரோநொடியில் தேய்ந்துபோகும் ஒளி, வாயு இருந்தால் அதற்கும் முன்னரே தேய்கிறது. மணியை ஓங்கி அடித்தாலும் மெல்ல அடித்தாலும் ரீங்காரம் தேயும் விதம் மாறுவதில்லை. ஆகவே, லேசரின் பொலிவு சற்றே கூடினாலும் குறைந்தாலும் அளவீடு பிழைபடுவதில்லை.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958ஆம் ஆண்டு முதல் கார்பன் டைஆக்சைடின் அளவு குறிக்கப்பட்டு வருகிறது. சார்லஸ் கீலிங் அதனைத் தொடங்கியபோது பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 313 பங்காக இருந்த அளவு, இன்று 420ஐக் கடந்துவிட்டது. அங்கு அமெரிக்க அரசின் வளிமண்டல ஆய்வு அமைப்பு 2019ஆம் ஆண்டில் பழைய அகச்சிவப்புக் கருவியின் இடத்தில் ஒளி தேயும் காலத்தை அளக்கும் லேசர் கருவியை அமைத்தது. பூமியின் மிகப் புகழ்பெற்ற வரைகோட்டினை இன்று லேசர் எழுதி வருகிறது.

ஒளியைச் செவியால் கேட்டல்

மூன்றாம் வழி வியப்பானது. தொலைபேசியால் அறியப்படும் அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1880ஆம் ஆண்டில் ஒரு புதுமையைக் கண்டார். விட்டு விட்டு ஒளிரும் ஒளி ஒரு பொருளின்மேல் பட்டால் அப்பொருள் ஒலி எழுப்பியது. ஒளியை உட்கவர்ந்த பொருள் சூடேறி விரிகிறது. ஒளி நின்றதும் குளிர்ந்து சுருங்குகிறது. இவ்விரிவும் சுருக்கமும் காற்றில் அதிர்வை உண்டாக்கி ஒலியாகின்றன. வாயுவும் இவ்வாறே ஒலிக்கும். வாயு இல்லையேல் ஒலியும் இல்லை.

அவ்வொலி மிக மெலிது. அதனைக் கேட்க அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் எளியதொரு செவியைத் தேர்ந்தனர். கைக்கடிகாரத்தில் காலத்தைக் காட்ட உதவும் படிக இசைக்கவையே அது. நொடிக்கு 32,768 முறை அதிரும் இக்கவை சில மில்லிமீட்டர் நீளமே உடையது. அதன் இரு புயங்களுக்கு இடையே லேசர் கற்றை செலுத்தப்படுகிறது. இடையில் வாயு எழுப்பும் ஒலி இரு புயங்களையும் எதிரெதிர்த் திசைகளில் தள்ளுகிறது. கவை அதிர்ந்து மின்குறிப்பைத் தருகிறது. தெருவின் இரைச்சலோ புயங்கள் இரண்டையும் ஒரே திசையில் தள்ளுவதால் குறிப்பு எழுவதில்லை. உலகின் ஆரவாரத்துக்குச் செவிசாய்க்காமல், தன்னிடையே எழும் மெல்லொலிக்கு மட்டும் செவிசாய்க்கும் கருவி இது.

தெரியுமா?

நைட்ரஜன், ஹைட்ரஜன் போன்ற வாயுக்கள் அகச்சிவப்பு ஒளியை உட்கவர்வதில்லை. அவற்றை அறியத் துணைநிற்பது இராமன் விளைவு. திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சர் சி.வி. இராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் இவ்விளைவைக் கண்டறிந்தார். மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. அம்மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடுகிறது. இராமனின் காலத்தில் நெடுநேரம் காத்திருந்து பதிவு செய்த அம்மெல்லொளியை இன்று லேசர் விரைந்து காட்டுகிறது.

அலிசோ கனியனில் ஒரு விமானம்

கருவியின் பெருமை அது பயன்பட்ட இடத்தில் விளங்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டிய மலைப்பகுதியில் அலிசோ கனியன் என்னும் இடம் உள்ளது. எண்ணெய் வற்றிய நிலத்தடிப் பாறைகளில் இயற்கை எரிவாயுவைச் செலுத்திச் சேமித்து வைக்கும் இடம் அது. 2015 அக்டோபர் 23 அன்று அங்கிருந்த கிணறு ஒன்றில் கசிவு கண்டறியப்பட்டது. 1953ஆம் ஆண்டில் தோண்டப்பட்ட அக்கிணற்றின் உலோக உறை, வெளிப்புறத்திலிருந்து அரித்துப்போனதே காரணம் எனப் பின்னர்த் தெரியவந்தது.

அடிவாரத்தில் வாழ்ந்த மக்கள் வாடையை உணர்ந்தனர். எரிவாயுவில் சேர்க்கப்பட்டிருந்த மெர்காப்டன் தன் கடமையைச் செய்தது. தலைவலியும் குமட்டலும் மூக்கில் குருதிக் கசிவும் ஏற்பட்டதாகப் பலர் முறையிட்டனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தன. பள்ளிகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. எனினும் ஒரு வினாவுக்கு எவர் மூக்காலும் விடை கூற இயலவில்லை. வெளியேறும் வாயு எவ்வளவு?

நவம்பர் 7ஆம் நாள் லேசர் அளவியைச் சுமந்த சிறு விமானம் ஒன்று அவ்வழியே பறந்தது. கசிவிடத்துக்குக் காற்று வீசும் திசையில், வெவ்வேறு உயரங்களில் அது குறுக்கும் நெடுக்கும் சென்றது. ஒவ்வோர் இடத்திலும் மீத்தேன் எவ்வளவு என்பதைக் கருவி குறித்தது. அவ்வளவுகளைக் காற்றின் வேகத்தோடு பொருத்திக் கணக்கிட்டபோது, ஒரு மணி நேரத்தில் வெளியேறும் வாயுவின் எடை கிடைத்தது. கசிவு உச்சத்தில் இருந்தபோது அது மணிக்கு 60 டன் அளவில் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரம் முழுவதும் வெளியிடும் மீத்தேனின் அளவை இந்த ஒரே கிணறு இரு மடங்காக்கிவிட்டிருந்தது.

கிணற்றை அடைக்க மேற்கொண்ட முயற்சிகள் பல தோல்வியுற்றன. அருகே தோண்டப்பட்ட மற்றொரு கிணற்றின் வழியாக 2016 பிப்ரவரி 11 அன்று கசிவு கட்டுப்படுத்தப்பட்டது. அதுவரை வெளியேறிய மீத்தேன் ஏறத்தாழ 97,000 டன் என்று விமான அளவீடுகளைக் கொண்டு அறிவியலார் கணித்தனர். அந்த எண் அறிக்கைத் தாளோடு நின்றுவிடவில்லை. 2018ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வெளியேறிய அளவுக்கு ஈடாகப் பிற இடங்களில் மீத்தேனைக் குறைக்கும் பணிகளுக்கு அந்நிறுவனம் நிதி வழங்க வேண்டியதாயிற்று. வாடை மக்களை எழுப்பியது. அளவீடு பொறுப்பை நிலைநாட்டியது.

மீத்தேனின் அளவு இத்துணை முதன்மை பெறுவதற்குத் தக்க காரணம் உண்டு. நூறாண்டுக் கணக்கில், ஒரு டன் மீத்தேன் ஒரு டன் கார்பன் டைஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்குகிறது. ஆனால் அது காற்றில் நிலைப்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே. கசிவை இன்று அடைத்தால் பயன் ஒரு தலைமுறைக்குள்ளேயே தெரியும். 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் நடந்த காலநிலை மாநாட்டில், 2030ஆம் ஆண்டுக்குள் மீத்தேன் வெளியேற்றத்தை 2020ஆம் ஆண்டின் அளவிலிருந்து 30 விழுக்காடு குறைக்க நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுதி பூண்டன. அவ்வுறுதி நிறைவேறியதா என்பதை அளவீடே சொல்ல முடியும்.

செவ்வாய்க் கோளில் ஓர் ஐயம்

இதே மீத்தேனைத் தேடி லேசர் வேற்றுக் கோளுக்கும் சென்றது. பூமியின் மீத்தேனில் பெரும்பகுதி உயிர்களோடு தொடர்புடையது. செவ்வாயில் அது உண்டா என்னும் வினாவுக்குப் பின்னே, அங்கு உயிர் உண்டா என்னும் பெருவினா நிற்கிறது. 2012 ஆகஸ்டில் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, 3.3 மைக்ரோமீட்டர் லேசரையும் ஹெரியட் வகைக் கலனையும் சுமந்து சென்றது. சிறிய அக்கலனில் ஒளி 81 முறை சென்று திரும்பி 16.8 மீட்டர் வழியைக் கடக்கிறது.

தொடக்கத்திலேயே ஒரு பாடம் காத்திருந்தது. கருவியின் முற்பகுதியில், ஏவுதளத்திலிருந்து உடன்வந்த பூமிக் காற்று சிறிது தங்கியிருந்தது. அதிலிருந்த மீத்தேனைச் செவ்வாயின் மீத்தேன் எனக் கொள்ளாதவாறு ஆய்வாளர்கள் அதனைப் பிரித்தறிந்து கழிக்க வேண்டியிருந்தது. பின்னர்ப் பல ஆண்டு அளவீடுகளின் பயனாக, நூறு கோடிக்கு 0.24 பங்கு முதல் 0.65 பங்கு வரை பருவந்தோறும் ஏறி இறங்கும் மீத்தேன் இருப்பதாக 2018ஆம் ஆண்டில் அறிவித்தனர். மறு ஆண்டே, செவ்வாயைச் சுற்றிவரும் ஐரோப்பிய-உருசிய விண்கலத்தின் குழுவினர், தாம் ஆராய்ந்த உயரங்களில் நூறு கோடிக்கு 0.05 பங்குகூடத் தென்படவில்லை என்றனர். இரண்டும் நுட்பமான கருவிகள். இரண்டும் தேர்ந்தவர்களால் இயக்கப்பட்டவை. முரண் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஓர் எண் கிடைத்தவுடன் உண்மை கிடைத்துவிட்டதாகக் கருதாமல், அந்த எண்ணையும் ஐயுற்று மீண்டும் அளப்பதே அறிவியலின் நெறி என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

மூச்சைப் படித்தல்

மனிதர் வெளிவிடும் மூச்சும் வாயுக்களின் கலவையே. மூச்சுக் குழாய்களில் ஒருவகை அழற்சி இருக்கும்போது மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு மிகுகிறது. ஆஸ்துமா மருத்துவத்தில் இவ்வளவு பயன்படுகிறது. இரைப்பையில் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரியை அறிய, எடை மிகுந்த கார்பன் ஐசோடோப்பைக் கொண்ட யூரியாவை நோயாளிக்குப் பருகத் தருவர். நுண்ணுயிரி இருந்தால் அது யூரியாவைச் சிதைக்கும். எடை மிகுந்த கார்பனைக் கொண்ட கார்பன் டைஆக்சைடு மூச்சில் வெளிப்படும். இரு ஐசோடோப்புகளின் கோடுகளும் நிறமாலையில் சற்றே விலகி நிற்பதால், லேசர் அவற்றைப் பிரித்தறிகிறது. ஊசி இல்லை, வலி இல்லை, ஒரு மூச்சே போதும்.

அளவும் பொறுப்பும்

லேசர் உணரிகளுக்கும் குறைகள் உண்டு. நீராவியின் கோடுகள் காற்றில் எங்கும் பரவியிருப்பதால், பிற வாயுக்களின் கோடுகளை அவை மறைத்துவிடலாம். ஆடியில் படியும் சிறு அழுக்கும் ஒளியைத் தேய்க்கும். அளவு அறியப்பட்ட வாயுவைச் செலுத்திக் கருவியை அவ்வப்போது சரிபார்க்காவிடில், நுட்பமான கருவியும் நுட்பமாகவே பொய் சொல்லும். நடு அகச்சிவப்பு லேசர்களின் விலை இன்னும் மிகுதி. வாயு எங்கிருந்து வந்தது என்பதைக் கருவி மட்டும் தனித்துச் சொல்வதுமில்லை; காற்றின் திசையும் நிலத்தின் அமைப்பும் சேர்ந்தே சொல்கின்றன.

இக்குறைகளுக்கு இடையிலும் கருவிகள் பரவி வருகின்றன. மீத்தேன் 1.65 மைக்ரோமீட்டரிலும் ஓரளவு ஒளியை உட்கவர்வதால், ஒளியிழைத் தொலைத்தொடர்புக்கென உருவான லேசர் நுட்பம் எரிவாயுக் குழாய்களின் கசிவை அறியவும் பயன்படுகிறது. பணியாளர் கையில் ஏந்திய கருவியைத் தொலைவிலுள்ள சுவரை நோக்கிக் காட்டினால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியே இடைப்பட்ட வாயுவை உணர்த்துகிறது. அவர் ஆபத்தான இடத்துக்குள் நுழைய வேண்டியதில்லை.

குருவியைச் சுமந்து சென்ற தொழிலாளி அதனிடம் எதிர்பார்த்தது ஓர் எச்சரிக்கையை மட்டுமே. இன்றைய உலகுக்கு எச்சரிக்கை போதவில்லை. எந்தக் குழாய், எந்தக் கிணறு, எந்த ஆலை, எவ்வளவு வாயுவை வெளிவிடுகிறது என்பதற்குச் சான்று வேண்டியுள்ளது. காற்று அனைவருக்கும் பொது. அதில் கலப்பது கண்ணுக்குத் தெரியாதவரை அதற்குப் பொறுப்பேற்பார் எவருமில்லை. தெரியாமை இருக்கும் இடத்தில் மறுப்பது எளிது. லேசர் ஒளி கசிவை அடைப்பதில்லை. அடைக்க வேண்டியவர் இன்னார் என்று காட்டுகிறது. அதன்பின் செய்யவேண்டியது மனிதரின் கையில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் சமையல் எரிவாயு கசிந்தால் செய்யத்தக்கன, செய்யத்தகாதன ஆகியவற்றைப் பட்டியலிட்டு வகுப்பறையில் வைக்க.
2. மணியின் ரீங்காரம், இசைக்கவை, அருவி ஆகிய உவமைகள் அறிவியல் கருத்தை விளக்க எவ்வாறு துணைபுரிகின்றன என்பதைக் குழுவாகக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. சமையல் எரிவாயுவில் எத்தில் மெர்காப்டன் சேர்க்கப்படுவது ஏன்?
2. கேனரிக் குருவி சுரங்கத்துக்குள் கொண்டு செல்லப்பட்டதன் நோக்கம் யாது?

சிறுவினா

1. வாயுவின் கைரேகை என்று எதனைக் கூறலாம்? விளக்குக.
2. அரை மீட்டர்க் கலனுக்குள் ஐந்து கிலோமீட்டர் வழி அடங்குவது எவ்வாறு?

நெடுவினா

1. 'வாடை மக்களை எழுப்பியது. அளவீடு பொறுப்பை நிலைநாட்டியது' – அலிசோ கனியன் நிகழ்வைக் கொண்டு இக்கூற்றை நிறுவுக.
2. செவ்வாயின் மீத்தேன் குறித்த முரண்பட்ட முடிவுகள் உணர்த்தும் அறிவியல் நெறியைத் தொகுத்து எழுதுக.